கிராம்பு காய்ச்சிய கோடை

நெல்டா வியர்ஸ்மா தப்பான வேதியியல் வகுப்பில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அவளுடைய மரியாதைதான். அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய ஊர்களில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார்கள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. அவர் சொல்வது தப்பென்று தெரிந்தாலும் முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். முடித்த பிறகு திருத்துவதும் அவ்வளவு அழகில்லை.

பல் டாக்டர் ஆக வேண்டும் என்பது பதிமூன்று வயதில் வந்த ஆசை. பன்றிப் பட்டியின் இரும்புக் கதவு காற்றில் அடித்து அவளுடைய முன்பல் பாதி உடைந்துபோனது. ஊர் பல் டாக்டர் அவள் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கவே அந்தப் பல்லைக் கட்டி முடித்தார். வலி அவளுக்கு ஞாபகமில்லை. இல்லாமல் போன ஒன்று கண்ணெதிரே திரும்பி வந்தது மட்டும் ஞாபகம். அதோடு, அந்த ஊரில் பல் டாக்டருக்கு வேலை இல்லாமல் போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியதும் பெஞ்சுக்குப் பெஞ்சு பெப்பர்மின்ட் மிட்டாய் கைமாறும். பிரசங்கம் நீண்டால் இரண்டாவது சுற்றும் உண்டு.

பக்கத்து மாவட்டத்தில் இருந்த சிறிய கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். முதல் வருடம் பொது வேதியியல். அதில் யாருக்கும் குழப்பமில்லை, எல்லோரும் படித்தாக வேண்டியது. 1976 ஏப்ரலில், அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில், அவளுக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்டிருந்த டாக்டர் ப்ரூயிட்டைப் போய்ப் பார்த்தாள். தாவரவியல் பேராசிரியர், நல்ல மனிதர். அறை முழுவதும் பெரணிச் செடிகள். ஒரு தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அவளால் உட்கார முடிந்தது.

"டென்டல் படிக்கலாம்னு இருக்கேன், சார்" என்றாள்.

"ரொம்ப நல்லது. பொறுமையா செய்ய வேண்டிய வேலை. உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் பாடப் பட்டியலைப் புரட்டினார். கரிம வேதியியலில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 131 என்று எண்ணிட்ட சுருக்கமான பாடம், அரை வருடத்தில் முடிந்துவிடும். இன்னொன்று 231, 232 என்று வருடம் முழுக்க நீளும், வாரம் ஒரு மதியம் முழுவதும் லேபில் நிற்க வேண்டும். அவர் 131 என்று எழுதினார்.

நெல்டாவுக்கு லேசாக உறுத்தியது. வருடம் முழுக்க உள்ள பாடம் வேண்டியிருக்காதா என்று மெல்லக் கேட்டாள். அதெல்லாம் டாக்டருக்குப் போகிற பையன்களுக்கு என்று சொல்லி அவர் சிரித்தார். அவருக்குத் தெரியாததா என்று அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த இலையுதிர் காலம் அவளுக்குச் சுகமாகவே போனது. 131 வகுப்பில் நர்ஸ் படிப்புக்குப் போகிறவர்களும் மனையியல் மாணவிகளும்தான் நிறைய. மூலக்கூறுகளின் பெயர், அவை எதில் இருக்கின்றன, எதற்குப் பயன்படும் என்ற அளவில் பாடம் நின்றுவிடும். நெல்டா நூற்றுக்கு நூறு வாங்கினாள். எதிர் வகுப்பிலிருந்து 231 படிக்கும் பையன்கள் முகம் வெளுத்து வெளியே வருவதைப் பார்க்கும்போது, பாவம், இவர்களுக்கு அவ்வளவுதான் மூளை போலிருக்கிறது என்று மனதார இரக்கப்பட்டாள். அதை நினைத்து அவள் பின்னால் பல வருடங்கள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

பிப்ரவரியில் மாநிலப் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டு அவள் எழுதியதற்குப் பதில். பொது வேதியியல் ஒரு வருடம், லேபோடு. கரிம வேதியியல் ஒரு வருடம், லேபோடு. உயிர்வேதியியல் இருந்தால் நல்லது. கடைசி வரியை அவள் நின்றுகொண்டே மூன்று முறை படித்தாள். சுருக்கப் பாடங்கள் எந்த நிலையிலும் ஏற்கப்படமாட்டாது.

ப்ரூயிட் அந்தக் கடிதத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு அவளுடைய கோப்பை எடுத்துத் தான் எழுதியதைப் பார்த்தார். சங்கடம் அவர் காதுவரை சிவப்பாக ஏறியது.

"நீ பல் சுத்தம் பண்ற வேலைக்குப் படிக்கப்போறேன்னு நெனச்சேன், நெல்டா."

"இல்லை, சார். டாக்டருக்கு."

"அதுவும் கௌரவமான வேலைதான். இதே மார்க்குக்கு உடனே எடம் கெடைக்கும்."

"கெடைக்கும், சார். எனக்கு டாக்டர்தான் வேணும்."

பெரியவர் ஒருவருக்கு அவள் மறுத்துச் சொன்ன முதல் சொல் அதுதான். அவர் கோபப்படவில்லை. இரண்டு பேருமாகக் காலண்டரை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு வழி தேடினார்கள். அந்தச் சிறிய கல்லூரியில் உயிர்வேதியியல் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறைதான் நடக்கும். அடுத்தது வருகிற செப்டம்பரில். முழுக் கரிம வேதியியல் முடித்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அடுத்த வருடம் 231 எடுத்தால் உயிர்வேதியியல் போய்விடும், நுழைவுத் தேர்வும் தள்ளிப்போகும். மிச்சமிருந்தது ஒரே வழி. மாநிலத்தின் கிழக்குப் பக்கம் இருந்த பெரிய பல்கலைக்கழகத்தில் கோடையில் அந்த ஒரு வருடப் பாடத்தைப் பத்தே வாரத்தில் நடத்தினார்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வகுப்பு, மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை லேப். அதை எடுத்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ப்ரூயிட் சொன்னார். பிறகு அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை தானே ஊதினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கோடை முழுக்க சோயா வயலில் களை எடுக்க ஆள் வேண்டும், அது எப்போதும் அவளுடைய வேலை. அப்பா தட்டில் உருளைக்கிழங்கை மசித்தபடியே கேட்டார்.

"அந்தாளு உன்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லியா?"

"நானும் சொல்லலப்பா."

அவர் தலையாட்டினார். ஜூன் முதல் ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு, பெட்டியையும் மேசை விசிறியையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு அவரே கிழக்கே ஓட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை நெடும்பயணம் அந்த வீட்டில் வழக்கமில்லை.

முதல் நாள் லேப் எந்தக் கட்டிடம் என்று தெரியாமல் சுற்றிவிட்டு நெல்டா பத்து நிமிடம் பிந்திப் போனாள். எல்லோரும் ஜோடி சேர்ந்து முடித்திருந்தார்கள். ஜன்னலோர மேசையில் ஒரே ஒருவர் தனியாக நின்றார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், நெற்றியில் முடி ஏறத் தொடங்கியிருந்தது. வாத்தியார் என்று நினைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நானும் உன்னை மாதிரி மாணவன்தாம்மா. யாரும் சேத்துக்கல" என்றார் அவர். "மெர்ல் காஸ்பரெக். மூணாந்தடவையா படிக்கறேன். அதனால பாடம் தெரியும்னு நெனச்சுடாத."

மெர்ல் பக்கத்து நகரமான செடார் ரேப்பிட்ஸ்காரர், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இருபத்திரண்டு வயதில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்டு, வியட்நாமில் ஒரு ராணுவப் பல் மருத்துவமனையில் உதவியாளாக இரண்டு வருடம் இருந்தவர். திரும்பி வந்து ஓட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, படைவீரர் உதவித் திட்டத்தில் கல்லூரிக்கு வந்தவர். பல் மருத்துவக் கல்லூரிக்கு அவருக்குத் தேவையான எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது, இது ஒன்றைத் தவிர. இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் விட்டிருந்தார்.

அன்று மாலைக்குள் நெல்டா ஒரு தெர்மாமீட்டரை உடைத்தாள். அடுத்த நாள் ஒரு குடுவை. கண்ணாடிக் குழாய்களைப் பூட்டி, கவ்விகளில் நிறுத்தி, தண்ணீர் வரும் ரப்பர் குழாயையும் போகும் குழாயையும் மாட்டுவதற்குள் அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மெர்ல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அவருடைய விரல்கள் அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ். கரும்பலகையில் எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று வளைந்த அம்புகள் போட்டு ஓடெகார்ட் என்ற பேராசிரியர் விளக்குவார். நெல்டா அதைக் கோலம் பார்ப்பதுபோல ஆசையாகப் பின்தொடர்வாள். பக்கத்தில் மெர்ல் பேனாக்கத்தியால் ஒரு சாக்பீஸ் துண்டைச் செதுக்கிக்கொண்டிருப்பார். மணி அடிக்கும்போது அது ஒரு கடைவாய்ப்பல்லாகியிருக்கும்; மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு குறையிருக்காது.

முதல் தேர்வில் நெல்டாவுக்கு ஐம்பத்தெட்டு. சுருக்கப் பாடத்தில் நூறு வாங்கியவள். விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு லேபுக்குப் போனாள். மெர்ல் தன் தாளை எடுத்து மேசையில் நேராக வைத்தார். நாற்பத்தி நாலு.

"ரெண்டையும் கூட்டினா நூத்தி ரெண்டு. சேந்து எழுதியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார்.

அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் உண்டானது. லேபில் கண்ணாடியெல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் கடைசி அரை மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அவள் ஒருமுறை தானே பூட்ட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் ஆற்றங்கரைப் பூங்காவின் மர மேசையில் அவள் அம்பு போடுவாள், அவர் கூடவே போட்டுப் பழக வேண்டும். மெர்லின் மனைவி ரோஸ்லின் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்தாள். வேலை முடிந்து வரும்போது பாலாடையும் கசகசாவும் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியை ஒரு பெட்டியில் கொண்டுவருவாள். ஜூலை வந்ததும் வேகவைத்த சோளமும் வெண்ணெயும் வந்தன. வெண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டுப்புத்தகத்தை நெல்டா வெகுகாலம் வைத்திருந்தாள். சில பக்கங்களில் அம்புகள் தெரியாது, விரல் தடம் மட்டும் தெரியும்.

அவளை அவர் டாக்டரம்மா என்று கூப்பிடத் தொடங்கியது அந்த மேசையில்தான். முதலில் கேலி. பிறகு ரோஸ்லினும் அப்படியே கூப்பிட்டாள். ஊரில் யாரும் அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில்கூட, அவள் படித்து வரட்டும் பார்க்கலாம் என்ற பேச்சுதான்.

நான்காவது வாரம் லேபில் கிராம்பு. இருபத்தைந்து கிராம் கிராம்பைக் குடுவையில் போட்டு, நீராவியோடு காய்ச்சி, அதன் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். பதினொரு மேசைகளிலும் ஒரே நேரத்தில் கொதித்தது. வெளியே தொண்ணூற்றாறு டிகிரி வெயில், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் அந்த வாசனை மூன்று மாடிக்கும் ஏறிவிட்டது. குளிர்ந்த குழாயின் நுனியில் பால் மாதிரி வெளுத்த சொட்டுகள் விழத் தொடங்கியதும் மெர்ல் குனிந்து முகர்ந்தார். வியட்நாமில் எங்கள் கூடாரம் முழுக்க இதே வாசனைதான் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். நாற்காலியில் வந்து உட்காருகிற பையன்களுக்கு எல்லாம் பத்தொன்பது இருபது வயது. பல்வலி என்றுதான் வருவார்கள், ஆனால் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வேறு எதையோ பார்ப்பார்கள். அவர்களிடம் என்ன பேசுவதென்று தனக்குத் தெரிந்ததே இல்லை என்றார். கூடாரத்தின் பின்பக்கம் பல் செட் செய்கிற ஒரு மேசை இருந்தது. மெழுகு, அச்சு எடுக்கிற மாவு, சின்ன அடுப்பு. ஆள் குறைந்தபோது அங்கே போய் உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகுதான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்க முடிந்தது. ஒருவன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவன், முன்பல் போய்விட்டது. இரண்டே நாளில் செய்து கொடுத்தேன். பக்கத்துப் பல்லில் காபிக் கறை இருந்தது, அதே கறையை இதிலும் வைத்தேன் என்று சொல்லும்போது அவருடைய முகம் இருபது வயதுக்குப் போய்விட்டது. நெல்டா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையனின் பெயர் என்ன என்று கேட்டாள். மெர்லுக்கு ஞாபகமில்லை. பல் எந்தப் பல் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவளுடைய தலைமுடியிலும் சட்டையிலும் ஏறிய வாசனை இரண்டு முறை அலசியும் போகவில்லை. விடுதியில் அவள் அறையைத் தாண்டிப் போகிறவர்கள் யாரோ கேக் சுடுகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

ஏழாவது வாரம் மூன்றாவது தேர்வு. நெல்டாவுக்கு எண்பத்தெட்டு. மெர்லுக்கு ஐம்பத்தொன்று. ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள், அவர் நன்றி சொன்னார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மதிப்பெண் பட்டியலில் பதியாமல் பாடத்தை விட்டு விலகுவதற்குக் கடைசி நாள். மதியம் ஒன்றே கால் ஆகியும் ஜன்னலோர மேசையில் அவர் இல்லை. நெல்டா பர்னரை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். பதிவாளர் அலுவலக நடைவழியில் நீண்ட வரிசை. நடுவில் மெர்ல், கையில் மஞ்சள் படிவம்.

"என்ன பண்றீங்க இங்க?"

"வரிசையில நிக்கறேன், டாக்டரம்மா."

"இன்னும் மூணு வாரம், மெர்ல். மூணே வாரம். ஒரு சி வாங்கினா போதும்."

"வாங்கலாம். அப்புறம் நாலு வருஷம் டென்டல் காலேஜ்ல சி. எனக்கு முப்பத்தாறு வயசாகும்போது ஒருத்தன் எம் முன்னாடி வாயைத் தொறந்துட்டு உக்காந்திருப்பான். அவன்கிட்ட பேச எங்கிட்ட என்ன இருக்கு சொல்லு."

"நீங்க பேசவே வேணாம். அவன் வாயில பஞ்சு இருக்கும்."

வரிசையில் முன்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். மெர்லும் சிரித்தார். பிறகு சிரிப்பு வடிந்துபோய்ப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேப்டன் ஒரு நாள் சொன்னாரு, காஸ்பரெக், நீ டென்டிஸ்ட் ஆகணும்னு. நான் சரி சார்னேன். எட்டு வருஷமா அந்தச் சரியைத்தான் தூக்கிட்டு அலையறேன். எனக்கு வாய் வேணாம்மா. பல்லுதான் வேணும். மேசை, அடுப்பு, மெழுகு. அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு ஒண்ணு இருக்கு. கெமிஸ்ட்ரி ஒரே ஒரு பாடம்தான். நான் முடிச்சாச்சு."

"ரோஸ்லினுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குச் சொல்லணும்."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

வரிசை ஓரடி நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

"மூணு வாரம் நான் யாரோட நிக்கறது அந்த மேசையில?" என்று கேட்டாள் நெல்டா. குரல் உடைந்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

கோபம் அவளுக்குப் புதிது. அந்த வார இறுதியில் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. விடுதி அறையில் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் செய்தது ஏன் தப்பு என்று மனதுக்குள் வாதம் செய்துகொண்டே இருந்தாள். வேலையை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். கூட வருகிறவளை நடுவயலில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. எல்லாம் அப்பாவின் வார்த்தைகள். வாதத்தில் ஒவ்வொரு முறையும் அவளே ஜெயித்தாள். அதில் ஒரு திருப்தியும் இல்லை.

திங்கட்கிழமை மேசையில் தனியாக நின்றாள். கடைசி மூன்று வாரங்களும் ஒரே வேலை. ஒரு வேதிப்பொருளிலிருந்து தொடங்கி, படிப்படியாக மாற்றி, ஈறு மரத்துப்போகத் தடவுகிற மருந்து ஒன்றை ஒவ்வொரு ஜோடியும் தயாரிக்க வேண்டும். அவள் மட்டும் ஜோடியில்லாமல். வேறொரு மேசையில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஓடெகார்ட் சொன்னார். வேண்டாம் என்றாள். முதல் நாள் எல்லாவற்றையும் பூட்ட நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் பதினைந்து. கவ்வியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கைக்குத் தானாகத் தெரிந்தபோதுதான், தினமும் அந்தக் கடைசி அரை மணி நேரம் எதற்காக இருந்தது என்று அவளுக்கு உறைத்தது. அதற்காகவும் அவர்மேல் கோபப்பட்டாள்.

கடைசி வெள்ளியன்று வடிதாளில் வெள்ளைப் படிகங்கள் தங்கின. ஊசி ஊசியாக, உப்பைவிட மெல்லியவை. எடை போட்டாள், கிடைத்திருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. உருகுநிலையைப் பார்த்தாள், இரண்டு டிகிரிதான் வித்தியாசம். லேபில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது சுவரில் சிவப்பு எழுத்தில் இருந்தது. பத்து வாரமாக ஒரு விதியையும் மீறாதவள், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு படிகத்தை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். இன்னும் ஒன்று. மருந்து மெய்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மெய்தான். கட்டிடத்தின் படிக்கட்டில் இறங்கி வரும்போது நாக்கு பாதி இல்லை. கீழ்ப்படியில், முழங்காலில் ஒரு ரொட்டிப் பெட்டியோடு மெர்ல் உட்கார்ந்திருந்தார். நெல்டாவுக்கு மூன்று வாரமாகத் தயார் செய்துவைத்திருந்த பேச்சு அப்படியே நினைவிருந்தது. அவர் முன்னால் நின்று, "நீங்க பண்ணினது" என்று தொடங்கினாள். வாயிலிருந்து வந்தது அது அல்ல. "நீங்க பந்நிநது" என்று என்னவோ வந்தது.

மெர்ல் நிமிர்ந்து பார்த்தார். "தின்னுட்டியா அதை?"

"கொஞ்சந்தாந்" என்றாள். அவர் சிரிக்காமலிருக்கப் பெட்டியின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது அவள்தான். சிரிக்கச் சிரிக்க நாக்கு இன்னும் புரளாமல் போனது. அவள் மறுபடி திட்ட முயன்றாள், அது இன்னும் மோசமாக வந்தது. படிக்கட்டில் ஏறி இறங்கிய மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்குக்கு உயிர் வருகிறவரை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தனியாகப் பூட்டினாயா என்று அவர் கேட்டார். பதினைந்து நிமிடம் என்று விரல்களை விரித்துக் காட்டினாள். நான் பன்னிரண்டு என்று நினைத்தேன் என்றார் அவர்.

முதல் பாதிக்கு பி பிளஸ், இரண்டாவது பாதிக்கு ஏ மைனஸ். செப்டம்பரில் உயிர்வேதியியல் வகுப்பில் நெல்டா உட்கார்ந்தாள். ப்ரூயிட் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில், தான் செய்த தவற்றையும் அதை அவள் சரிசெய்த விதத்தையும் ஒன்றும் மறைக்காமல் எழுதியிருந்தார். 1979இல் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த தொண்ணூறு பேரில் பதினொரு பேர் பெண்கள், அவர்களில் அவளும் ஒருத்தி. நான்கு வருடம் கழித்துப் பிறந்த ஊருக்கு அரை மணி தூரத்தில் ஒரு சிறிய ஊரில் கிளினிக் திறந்தாள். பெப்பர்மின்ட் அவளைக் கைவிடவில்லை.

முதல் முதலாக ஒருவருக்குப் பல்லில் கேப் போட வேண்டி வந்தபோது, அச்சை எடுத்துப் பஞ்சில் சுற்றி, செடார் ரேப்பிட்ஸில் மெர்ல் தொடங்கியிருந்த, பல் செய்கிற லேபுக்குத் தபாலில் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த கேப்பை வைத்துப் பார்த்தபோது, அராவ வேண்டிய அவசியமே இல்லாமல் சொந்தப் பல் மாதிரி உட்கார்ந்தது. பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது: 'டாக்டரம்மா, இந்தாளு ராத்திரியில பல்லைக் கடிக்கிறாரு. பின்பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. என்ன கவலைன்னு நீங்க கேளுங்க. எனக்குக் கேக்க வராது.' நெல்டா கேட்டாள். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் பேசினார்.

முப்பத்திரண்டு வருடம் அப்படி நடந்தது. பெட்டி கிழக்கே போகும், பெட்டி மேற்கே வரும். நேரில் பார்த்துக்கொண்டது ஏழெட்டு முறைதான் இருக்கும். அவரை அவள் தினமும் ஊர்க்காரர்களின் வாயில் பார்த்தாள். தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் வாய் திறக்கும்போது, இது மெர்லுடையது, இதுவும், அதோ அந்தக் கோரைப்பல்லும் என்று அவளுடைய கண் பெஞ்சுக்குப் பெஞ்சு போய்வரும்.

மெர்ல் இறந்தது 2017 அக்டோபரில். நெல்டா அப்போது கிளினிக்கை வேறொருவரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றிருந்தாள். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எல்லோருக்கும் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். ரோஸ்லின் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அந்தக் கோடையைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசினார்கள். வேறு யாரிடமும் அதைப் பேச முடியாது என்பதுபோல. சட்டை வாசனை, சோளம், அந்த மர மேசையில் எறும்பு ஏறியது. நாற்பது வருடம் ஆகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெர்ல் வீட்டுக்குப் போய் எப்படிச் சொன்னார் என்று நெல்டா கேட்டாள். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

"அவர் எங்க சொன்னாரு. நான்தான் சொன்னேன்" என்றாள் ரோஸ்லின். "கதவைத் தொறந்ததும், படிவம் குடுத்தாச்சான்னேன். முழிச்சாரு. ரெண்டாவது வாரத்துலயே எனக்குத் தெரியும். லேபுக்குப் போற மதியத்துக்கு ஷேவ் பண்ணிட்டு விசிலடிச்சுட்டுப் போவாரு. காலை வகுப்புக்கு ஒரு நாளும் விசில் கெடையாது."

"அப்ப ஏன் நீங்க அவர்கிட்ட விடச் சொல்லல?"

"நான் சொல்லாமலே எப்பவோ விட்டிருப்பாரு. உனக்காகத்தான் ஏழு வாரம் இழுத்தாரு. நீ தனியா பூட்டக் கத்துக்கட்டும்னு." ரோஸ்லின் காபியை ஒரு வாய் குடித்தாள். "நீ கொஞ்சம் மெதுவாத்தான் கத்துக்கிட்டே."

நெல்டா சிரித்தாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் அவளுடைய தட்டில் இன்னொரு சாண்ட்விச்சை எடுத்து வைத்து, ஊருக்குப் போக நேரம் இருக்கிறது, சாப்பிடு என்றாள். நெல்டா சாப்பிட்டாள்.